இடும்பன் மூச்சுக்கு மூன்று பேர்

ஓட்டைக்குளத்தில் எல்லாமே முறை வைத்துத்தான். வாய்க்கால் தண்ணீரும் முறை, கோயில் உரலும் முறை. ஒருவருக்குப் பல்வலி வந்தால்கூடத் தெருவே முறை வைத்து முனகும்.

அந்த ஊர் இடும்பனுக்கு இளைப்பு. டாக்டரம்மா அவர் மார்பில் ஒரு பட்டையைக் கட்டினார். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.

"மார்பு ஏறி இறங்குறத வச்சு இது மூச்சை அளக்கும். சீரா இருந்தா பச்சை மின்னும், இல்லேன்னா சிவப்பு. சிவப்பு அதிகமானா நாளைக்கு ஆஸ்பத்திரியில சேத்துருவேன். அதுவரைக்கும் எந்த வேலையும் செய்யவிடாதீங்க."

மனைவி சொர்ணக்கிளி அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் மனுஷன் திரும்பி வருவாரா? வீட்டில் அவரை ஒரு தம்ளரைக்கூடத் தூக்கவிடவில்லை. அப்படியும் சிவப்புதான் மின்னியது.

அவள் தம்பி வெயிலான் உற்றுப் பார்த்தான். "அக்கா, மச்சான் ஒரு வேலையை மட்டும் நிறுத்தவே இல்ல."

"என்னடா அது?"

"மூச்சு விடுறாரு."

"அய்யோ, என் கண்ணு முன்னாலயேவா!"

கொழுந்தன் கட்டையன் கண் கலங்கினான். "பொறந்ததுல இருந்து அண்ணன் ஒத்த ஆளா விடுறாரு மதினி. ஒருநாளாச்சும் நாம கை கொடுத்தோமா?"

எல்லோரும் வெட்கப்பட்டார்கள். பட்டை வெயிலானுக்கு மாறியது. பச்சை! பிறகு கட்டையனுக்கு. அதுவும் பச்சை!

"அப்போ நான்?" என்றார் இடும்பன்.

"உங்க முறை வந்தா கூப்பிடுறோம்."

அவர் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டார். முடியாதபோது கொல்லைப்பக்கம் போய், அடுத்தவன் முறையில் தண்ணீர் திருடுகிறவரைப் போல ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு வருவார். இரண்டு தடவை சொர்ணக்கிளியிடம் மாட்டி ஏச்சு வாங்கினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியைப் பார்த்தார். "பிரமாதம்!" இடும்பனைப் பார்த்தார். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "அய்யய்யோ, உடனே கட்டில்ல படுக்கணும்!" என்று ஊசி எடுத்துவர ஓடினார்.

திரும்பி வந்தபோது கட்டிலில் வெயிலான் போர்த்திப் படுத்திருந்தான். பக்கத்தில் கட்டையன் தலையணையோடு காத்திருந்தான்.

"நோயாளி எங்கே?"

"வேலை செய்யக்கூடாதுன்னீங்களே, பஸ் ஏத்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன். படுக்குறத இவங்க பாத்துக்குவாங்க. அவரு முறை வெள்ளிக்கிழமை, தவறாம வந்துருவாரு" என்ற சொர்ணக்கிளி, பட்டையை டாக்டரம்மாவிடம் பணிவாக நீட்டினாள்.

"ரெண்டு பேரும் படுக்கை முறையில இருக்காங்க. இன்னிக்கு மூச்சு உங்க முறை, தாயி."