சுவரைப் பார்த்த நாற்காலி

எபநேசருக்கு ஐம்பத்தோரு வயதில் புது வேலை கிடைத்தது. அது என்ன வேலை என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

அதுவரை அவர் தொலைபேசி நிலையத்தில் பொறியாளர். எந்த வயர் எங்கே போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். நிலையத்தை மூடியபோது நிறுவனம் அவரை அம்பத்தூர் ஆய்வகத்தின் மூன்றாம் மாடிக்கு அனுப்பியது. அங்கே ஒரு கதவில் 'மனிதக் காரணிகள் பிரிவு' என்று எழுதியிருந்தது. கட்டடத்தில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. கண்ணாடி ரூம் என்பார்கள்.

"அங்க என்ன சார் வேலை?" என்று லிஃப்டில் கேட்பார்கள்.

"ஆளுங்க ஃபோன் பண்றதை உக்காந்து பார்க்கணும்."

"அதுக்கு ஒரு சம்பளமா?"

அந்தச் சந்தேகம் எபநேசருக்கும் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

பிரிவின் தலைவி ருக்கையா. எபநேசரைவிட ஒரு மாமாங்கம் சின்னவர். மனோதத்துவம் படித்தவர். முதல் நாள் அவர், வயதானவர்களின் கையும் கண்ணும் படும் பாடு தெரியட்டும் என்று, எபநேசரிடம் ஒரு ஜோடி முரட்டுக் கையுறையையும், மங்கல் பூசிய மூக்குக்கண்ணாடியையும் கொடுத்தார்.

"இதை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க சார்."

எபநேசர் பண்ணினார். யாரோ ஒரு மாவு மில்காரர் எடுத்து அவரைக் கண்டபடி திட்டினார்.

"இந்த வேலைக்கு என்ன மேடம் படிக்கணும்?" என்று அன்றே கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவர் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவர். அவருக்கு முன்னாடி இருந்தவங்க நாடகம் போட்டுக்கிட்டு இருந்தாங்க."

"அப்போ எதுதான் படிச்சிருக்கணும்?"

"உங்களுக்கு என்ன தோணுது சார்?"

இது அந்த அறையின் சட்டம். சோதனைக்கு வந்து உட்காருகிறவர் என்ன கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது. 'இதை அமுக்கவா?' என்று கேட்டால், 'உங்களுக்கு என்ன தோணுது?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் சோதனை ஏது? ருக்கையாவுக்கு இது நாக்கிலேயே ஒட்டிப்போயிருந்தது. டீ எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் இதே பதில்தான். பதில் வராத இடத்தில் முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், அந்த முகமும் ஒன்றும் சொல்லாது. எபநேசர் ஒவ்வொரு வேலையையும் முடித்துவிட்டு அந்த முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் குழம்பிப் போவார்.

ஆறு மாதம் பார்ப்பார்கள். தேறினால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலையில்லாமல் வீட்டில் உட்காருவதை எபநேசரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவரிடம் ஒரு புது ஃபோனை ஒப்படைத்திருந்தார்கள். தனியாக வாழ்கிறவர்களுக்கான ஃபோன். பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. ஆபத்து என்றால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உறவினருக்கு அழைப்பு போய்விடும். தொட்டு எடுத்தால் போகாது. கை தவறிப் பட்டு ஊரைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

எபநேசர் ஆட்களை வரவழைத்து உட்காரவைத்தார். எதிரே தானும் உட்கார்ந்தார். சட்டப்படி ஒரு வார்த்தை உதவி செய்யவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அமுக்கினார்கள். எல்லோருக்கும் அழைப்பு போனது. ஒருவர்கூடத் தோற்கவில்லை.

எபநேசருக்குத் தலைகால் புரியவில்லை. நாசரேத்தில் தனியாக இருக்கும் அக்காவுக்கு முதல் ஃபோனை வாங்கி அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பொது மேலாளரின் கூட்டம். அதில் ஒப்புதல் கிடைத்துவிட்டால் ஃபோன் தொழிற்சாலைக்குப் போகும். அவரும் நிரந்தரமாகிவிடுவார்.

புதன்கிழமை ருக்கையாவின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், நான் தேறிட்டேனா?"

ருக்கையா எழுந்து சோதனை அறைக்குள் போனார். எபநேசர் உட்காரும் நாற்காலியைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க. இப்படி உக்காந்து."

"முதுகைக் காட்டிக்கிட்டா? மரியாதையா இருக்காதே மேடம்."

"மன்னிப்பு கேட்டுட்டு உக்காருங்க."

முதலில் வந்தவர் வில்லிவாக்கம் அமிர்தவல்லி. தையல் வகுப்பு நடத்துகிறவர். எபநேசர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"வீட்டுல வழுக்கி விழுந்துட்டீங்க. பக்கத்துல யாரும் இல்லை. இந்த ஃபோன்ல உதவிக்குக் கூப்பிடுங்கம்மா."

டிக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"சார், போச்சா?"

எபநேசர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன தோணுது?"

"போயிருக்கும்."

போகவில்லை. அமிர்தவல்லி பொத்தானைத் தொட்டு எடுத்துவிட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர் டிக்டிக்கென்று பலமுறை தட்டிவிட்டு, ரிப்பேர் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். சாயங்காலம்வரை அந்தச் சிவப்புப் பொத்தானிலிருந்து ஓர் அழைப்புகூடப் போகவில்லை.

எபநேசருக்குத் தலை சுற்றியது. அதே ஃபோன். அதே அறை. பேசியதும் அதே வார்த்தைகள்.

"இன்னிக்கு வந்தவங்க சரியில்லையோ மேடம்?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"ஒண்ணுமே தோணலை மேடம். பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கு. இந்தக் கேள்வியைக் கேக்காதீங்க, கும்பிட்டுக் கேக்கிறேன்."

ருக்கையா கோபப்படவில்லை. அந்த அறையில் எல்லாச் சோதனையையும் படம் பிடித்து வைப்பார்கள். கணினியில் பழைய சோதனை ஒன்றின் படத்தைப் போட்டார். ஃபோனும் அதை அமுக்குகிறவரும் இருந்த பாதித் திரையை ஓர் அட்டையால் மறைத்தார். மீதிப் பாதியில் எபநேசரின் முகம் மட்டும் தெரிந்தது. சத்தத்தையும் நிறுத்திவிட்டார்.

"அமுக்க ஆரம்பிச்சதும் சொல்லுங்க. கையை எடுத்ததும் சொல்லுங்க."

"எப்படி மேடம்? ஃபோனைத்தான் மறைச்சுட்டீங்களே."

"பாருங்க."

எபநேசர் தன் முகத்தைப் பார்த்தார். திரையில் இருந்தவர் சும்மா உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவருடைய புருவம் மேலே ஏறியது. கழுத்து முன்னால் நீண்டது. உதடு இறுகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அமுக்கிட்டாங்க" என்றார் எபநேசர், தன்னை அறியாமல்.

திரையில் இருந்தவர் மூச்சை விட்டார். தோள் இறங்கியது. முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது.

"எடுத்துட்டாங்க."

ருக்கையா அடுத்த படத்தைப் போட்டார். அதிலும் அதே முகம், அதே மூச்சு. அடுத்ததிலும் அதேதான். எபநேசர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வந்தவர்கள் ஒருவர்கூடப் பொத்தானைப் பார்த்திருக்கவில்லை. அவர் மூச்சுப் பிடித்தவரை அமுக்கியிருக்கிறார்கள். அவர் மூச்சு விட்டதும் விட்டிருக்கிறார்கள்.

நாசரேத்து அக்கா ஞாபகம் வந்தது. அவள் விழுந்து கிடக்கும்போது எதிரே யார் மூச்சுப் பிடிக்கப் போகிறார்கள்?

"நான் உதவி செய்யலையே மேடம். ஒரு வார்த்தை சொல்லலையே."

ருக்கையா கணினியை அணைத்தார்.

"அப்போ இத்தனை மாசம் நான் பார்த்தது எதை? தப்பு ஃபோன் மேலயா, என் மேலயா?"

ருக்கையா வாயைத் திறந்தார். எபநேசர் கையெடுத்துக் கும்பிட்டார். ருக்கையா வாயை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க எபநேசர் இதையே யோசித்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கூட்டத்தில் சொல்லாமல் இருந்தால் ஃபோன் தேறிவிடும், அவரும் தேறிவிடுவார். ருக்கையா சொல்லச் சொல்லவும் இல்லை, சொல்லாதே என்று தடுக்கவும் இல்லை. அந்த முகத்தை நூறு தடவை பார்த்தாகிவிட்டது. அது கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம். பொது மேலாளர் சபாபதி நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"எல்லாரும் ஜெயிச்சிருக்காங்க. அப்புறம் என்ன? அனுப்பிடலாமா எபநேசர்?"

எபநேசர் ருக்கையாவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அவர் எழுந்து ஃபோனைக் கொண்டுபோய் சபாபதியின் கையில் கொடுத்தார்.

"சார், நீங்க தனியா இருக்கீங்க. விழுந்துட்டீங்க. உதவிக்குக் கூப்பிடுங்க." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "தயவுசெஞ்சு எல்லாரும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கணும்" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்கள். கணக்குப் பிரிவு, கொள்முதல், விளம்பரம் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எபநேசரும் திரும்பிக்கொண்டார்.

டிக்.

"போச்சா?" என்றார் சபாபதி.

யாரும் திரும்பவில்லை.

டிக். டிக்.

"எபநேசர், போச்சா இல்லையா?"

எபநேசரின் முதுகு வேர்த்தது.

"யாராவது சொல்லுங்கய்யா! மனுஷன் விழுந்து கிடக்கிறேன்!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. ஃபோனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"திரும்புங்க" என்றார் சபாபதி. அவருடைய குரல் இறங்கியிருந்தது. "இது வேண்டாம்."

பிறகு ருக்கையாவிடம் கேட்டார்.

"இத்தனை நாள் எல்லாரும் ஜெயிச்சாங்கன்னு சொல்லிட்டு இருந்த மனுஷன் இவர். இவரை வெச்சுக்கலாமா, வேண்டாமாம்மா? நீங்கதான் சொல்லணும்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார் ருக்கையா.

எபநேசர் இருப்புக் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். உண்மையிலேயே தெரியவில்லை. பழைய கைபேசி ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து, அதற்குள் அதிரும் குட்டி மோட்டாரைப் பிரித்தார். சோதனை ஃபோன் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் முதுகைத் திறந்து மோட்டாரை வைத்துப் பற்றவைத்தார். வயர் என்றால் அவர் கை நடுங்காது. அமுக்கும்போது ஃபோன் உள்ளங்கையில் உர்ரென்று அதிரும். அழைப்பு போனதும் அதிர்வு நின்றுவிடும். பார்க்க முரடாக இருந்தது. வெளியே தெரிந்த வயரைப் பிளாஸ்திரி போட்டு மூடினார்.

மறுநாள் காலையில் கண்ணாடி ரூமுக்குள் நுழைந்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"மேடம், நான் தேறினேனா இல்லையா? அதையாவது சொல்லுங்க. போகச் சொன்னா போயிடறேன்."

கேட்டுவிட்டு வழக்கம்போல அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். புருவம் ஏறுகிறதா, உதடு அசைகிறதா என்று பார்த்தார்.

ருக்கையா தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன தோணுது சார்?"

எபநேசருக்கு எதிரே இப்போது ஒரு முதுகுதான் இருந்தது. அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்த முதுகையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதில் என்ன இருக்கப் போகிறது? கோபம் மெல்ல இறங்கியது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் கோதண்டம் என்கிற ஓய்வுபெற்ற கண்டக்டர் சோதனைக்காகக் காத்திருந்தார். அவரை இப்போது கூப்பிடலாமா என்று கேட்க எபநேசர் வாயெடுத்தார். கேட்கவில்லை. தானே போய்க் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க சார். முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவேன், தப்பா நினைச்சுக்கக் கூடாது."

"பஸ் கூட்டத்துல முப்பது வருஷம் பார்த்தது பூரா முதுகுதான் சார். எனக்கென்ன?"

எபநேசர் ஃபோனைக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ருக்கையாவும் சுவரைப் பார்த்துத்தான் இருந்தார்.

டிக்கென்றது. உர்ரென்று அதிர்ந்தது. எபநேசர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

உர் நின்றது.

எபநேசர் 'போச்சா?' என்ற கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"போயிடுச்சு சார்" என்றார் கோதண்டம். "அடுத்தது என்ன?"

எபநேசருக்குக் கண் கரித்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில் ஒரு வசதி, அதை யாரும் கவனிக்க முடியாது.

அந்தப் பக்கச் சுவரிலிருந்து குரல் வந்தது.

"ஜி.எம். கிட்ட நேத்தே சொல்லிட்டேன் சார்."

என்ன சொன்னீர்கள் என்று எபநேசர் கேட்கவில்லை.