கொளஞ்சியின் முணுக்கு

மடத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.

முந்தின வருடம் ஏரிக்கரை உடைந்து, மடத்து வயலும் ஊர் வயலும் ஒன்றாக மூழ்கின. உடைவதற்கு முன்பே ஒருவன் பார்த்துவிட்டு, கசியுது கசியுது என்று கத்தினான்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. கரை என்றால் கசியத்தானே செய்யும்.

உடையப் போகிற கசிவு வேறு மாதிரி. கரையின் அடியில் நீர் கலங்கலாகக் கொப்புளிக்கும். குனிந்து கேட்டால் யாரோ வாய்க்குள் பேசுவது போலிருக்கும். அதற்கென்று தனிச் சொல் கிடையாது.

"நீங்கள்தான் செய்து கொடுக்க வேண்டும், புலவரே" என்றார் குரு.

தணிகாசலம் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்த சீடர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்திவிட்டு மடத்துக்கு வந்தவர். ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். அதில் அவரே ஆக்கிய சொற்கள் மட்டும் இருநூறு. ஒவ்வொன்றாக வாசல் பலகையில் எழுதிப் போடுவார். ஊரார் நின்று படிப்பார்கள். நல்லா இருக்குங்க ஐயா என்பார்கள். பழையபடியே பேசிக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு சொல்லாவது தெருவில் யார் வாயிலிருந்தாவது தன் காதில் விழ வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெளியில் சொன்னதில்லை.

ஒரு மாதம் யோசித்து, 'உடைமுன்கசிவு' என்று எழுதிப் போட்டார். புணர்ச்சியிலும் பிழையில்லை, பொருளிலும் பிழையில்லை.

கரையில் புல்லறுக்கும் கொளஞ்சி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஏரி வூட்டுக்கு வந்துடும் சாமி" என்றாள்.

கரை முணுமுணுக்கிறது, அதனால் முணுக்கு என்று வைத்துக்கொள்ளலாமே என்பது அவள் யோசனை. நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு, வீட்டுக்காரி அடுப்படியில் வாய்க்குள் திட்டினால்கூட, முணுக்கு வந்துடுச்சு, இனி உடையும் என்று ஆண்கள் கேலி பேசினார்கள்.

தணிகாசலத்துக்கு மனம் ஆறவில்லை. முணுமுணு என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. இதை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். குருவிடமே போய்விட்டார்.

"சுவாமி, புதுச் சொல் எப்படித்தான் பிறக்கிறது?"

குரு மூலையிலிருந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மழைக்காலம் முடியும்வரை பகலில் கரைக்காவல் அவர் பொறுப்பு என்றார்.

கார்த்திகையில் ஏரி தளும்பியது. ஒருநாள் மத்தியானம் தெற்கு மதகைத் தாண்டி நடந்தவர், கரைக்குக் கீழே சேறு கொதிப்பதைக் கண்டார். குனிந்து கேட்டார். குடையை அங்கேயே போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினார்.

"முணுக்கு, முணுக்கு! தெற்கு மதகுல முணுக்கு!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார்கள். என்ன, எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் நீர் தெளிந்து, சத்தம் அடங்கிவிட்டது. கரை நின்றது.

எல்லோரும் போன பிறகுதான், தன் வாயில் வந்தது எந்தச் சொல் என்பது தணிகாசலத்துக்கு உறைத்தது. சேற்றுக் காலோடு கரையில் உட்கார்ந்து, நெடுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அகராதியைத் திறந்து 'முணுக்கு' என்று எழுதினார். பொருளும் எழுதினார். ஆக்கியவர் என்ற இடத்தில் முதலெழுத்தோடு பெயர் எழுதுவதற்காகக் கொளஞ்சியிடம் போய் அவள் தகப்பனார் பெயரைக் கேட்டார்.

"நான் எங்க சாமி ஆக்கினேன்? எங்கம்மா காலத்துலேருந்து சொல்றதுதான அது."

அவர் பலகையை நினைவுபடுத்தினார். அன்றைக்கு அவள் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார். கொளஞ்சி அவரைக் கவலையோடு பார்த்தாள். மழையில் நனைந்தது தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்து, சுக்குக் கஷாயம் வைத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

அவர் நோட்டோடு குருவிடம் வந்தார்.

"சுவாமி, யார் பெயரை எழுதுவது? சொன்னவளுக்கே நினைவில்லை."

"நிஜமாகவே மறந்துவிட்டாளா?"

"சத்தியம் செய்கிறாள்."

குருவின் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், புலவரே. சொல் இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது."