மயிலுக்குப் பங்காளி ஓணான்

கொம்புமலைக் காட்டில் வண்ணமுத்து என்றொரு மயில் இருந்தது. அதற்குத் தோகையின் மேல் எவ்வளவு பெருமையோ, காலின் மேல் அவ்வளவு வெட்கம். செதில் செதிலாக, சொரசொரவென்று, நகம் நீண்ட கால்கள். யாராவது பேச வந்தால் முதலில் ஒரு புல் புதரைத் தேடிக் காலை மறைத்துக்கொண்டுதான் "என்ன சேதி?" என்று கேட்கும்.

அந்த ஆடி மாதம் மலைச்சாமி திருவிழா வந்தது. இலுப்பை மரத்தடியில் இருக்கும் சாமிக்கு முன்னால் வண்ணமுத்து ஆட வேண்டும். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த முறை. ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பாட்டும் உண்டு. மலைச்சாமி மயிலை மட்டும் முழுத் தோகையோடு வானத்திலிருந்து தன் கையாலேயே இறக்கி வைத்தார் என்பதுதான் பாட்டு. மற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாட்டில் ஒரு வரியும் இல்லை. மயில்கள் கட்டிய பாட்டு, வேறெப்படி இருக்கும்?

ஒரே கவலை தோகைதான். ஆடி மாதம் முடிந்தால் இறகு உதிரத் தொடங்கும். ஏற்கெனவே நாலு விழுந்துவிட்டது.

"நாளைக்கே ஆடிடணும் செங்கமலம். பத்து நாள் தள்ளிப்போச்சுன்னா மொட்டை வாலோடதான் நிக்கணும்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சொல்லி அதன் காதைத் தேய்த்தது.

காட்டில் காப்புக் கட்டி இரண்டு நாளாகியிருந்தது. காப்புக் கட்டினால் ஒன்பது நாளைக்கு யாரும் யாரையும் தின்னக் கூடாது. முயல்கள் நரியின் எதிரிலேயே காலை நீட்டிப் படுத்துக் கதை பேசின. நரி காட்டுக் கிழங்கை மென்றுகொண்டு மீதி நாளை எண்ணியது.

அன்று காலை முள்ளன் என்ற முள்ளம்பன்றி ஓடைக்கரையில் கிழங்கு தோண்டும்போது ஒரு பலகைக்கல்லைப் புரட்டிப் போட்டது. கல்லில் ஏதோ ஒரு பிராணி அச்சு அசலாகப் பதிந்திருந்தது. வாயில் பல், நீளமான வால், பார்த்தால் ஓணான் சாயல். உடம்பைச் சுற்றி இறகு, பார்த்தால் மயில் சாயல்.

"ஓணான் வீடும் மயில் வீடும் ஏதோ ஒரு காலத்துல ஒரே குடும்பமய்யா! வந்து பாருங்க!" என்று முள்ளன் காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடியது. பார்க்கப் போனவர் யாருமில்லை. பேச உட்கார்ந்தவர்கள் எக்கச்சக்கம்.

வண்ணமுத்து விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கரட்டாண்டி என்ற ஓணான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"பங்காளி, எங்க வீட்டுக் கிழவரு, நம்ம பெரியப்பா, காலைல தவறிட்டாரு."

"யாருக்குப் பெரியப்பா?"

"நமக்குத்தான். நாம ஒரே குடும்பம்னு கல்லுல இருக்குதாமே. பங்காளி வீட்டுச் சாவுன்னா உங்களுக்கும் பதினாறு நாள் தீட்டு. சாமி முன்னாடி ஆடக் கூடாதில்ல? அதான் மொதல்ல உங்ககிட்ட சொல்லிடலாம்னு ஓடியாந்தேன்."

பதினாறு நாள்! வண்ணமுத்துவுக்குக் கண்ணைக் கட்டியது. அதற்குள் தோகையில் ஒரு இறகு மிஞ்சாது. மூன்று வருஷக் காத்திருப்பு ஒரு கிழட்டு ஓணானோடு போய்விடும் போலிருந்தது.

"அந்தக் கல்லே பொய்" என்றது.

உடனே இலுப்பை மரத்தடியில் கூட்டம் கூடியது.

"நீ கல்லைப் பார்த்தியா மயிலு?" என்று முள்ளன் கேட்டது.

"பொய்யைப் போய் எதுக்குப் பார்க்கணும்?"

"நாங்களும் பார்க்கல. ஆனா ஒத்துக்கிறோம்" என்றது கரட்டாண்டி. "திருவிழாப் பொங்கல்ல முதல் உருண்டை மயில் வீட்டுக்குத்தானே போகுது? பங்காளின்னா அதுல பாதி எங்களுக்கு." பின்னால் நின்ற நாற்பது ஓணான்களும் ஒரே நேரத்தில் தலையாட்டின. ஓணான்கள் எதற்கும் தலையாட்டும்தான், ஆனால் அன்று மனப்பூர்வமாக ஆட்டின.

அப்போது நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு முன்னால் வந்தது.

"கல்லு மெய்தான். அப்படின்னா சாமி மயிலை இறக்கிவிடல. இறக்கிவிடலன்னா சாமியே இல்ல. சாமி இல்லன்னா காப்பு எதுக்கு? முயல் தம்பி, கொஞ்சம் கிட்ட வாயேன்."

முயல்கள் எல்லாம் ஒரே தாவலில் வண்ணமுத்துவின் தோகைக்குப் பின்னால் போய்ப் பதுங்கின. "கல்லு பொய்! சத்தியமா பொய்!" என்று கத்தின. அவையும் கல்லைப் பார்க்கவில்லை.

மரத்தின் மேல் குரங்குகள் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. கீழே மலைச் சாலையில் வாழைப்பழம் கொடுக்க வரும் மனிதர்களிடம் குரங்கு பங்காளியா இல்லையா என்ற இதே சண்டையை அவை ஏற்கெனவே பார்த்திருக்கின்றன.

வண்ணமுத்துவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்லே இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. கூட்டம் காரசாரமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நைசாக நழுவி ஓடைக்கரைக்குப் போனது. கல்லைத் தண்ணீரில் உருட்டிவிடக் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தது.

வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது.

கல்லில் இருந்த பாதம் அதன் பாதத்தின் அடியில் அளவெடுத்தது மாதிரி பொருந்தியது. முன்னால் மூன்று விரல். வளைந்த நகம். பிறந்த நாள் முதல் புதரில் மறைத்து வைத்த அதே கால், எந்தக் காலத்துக் கல்லிலேயோ, ஒளிவு மறைவில்லாமல் நீட்டிக்கொண்டு கிடந்தது.

வண்ணமுத்து குனிந்து பார்த்தது. இறகுகள் ஒவ்வொன்றும் நரம்பு தெரிய இருந்தன. இது பொய்யில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பயமும் வந்தது, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும் வந்தது.

"என்ன, செருப்புக்கு அளவு பார்க்கிறீங்களா?" பின்னாலேயே வந்திருந்த செங்கமலம் கேட்டது.

"இது என் காலுதான் செங்கமலம்."

"பார்த்தாலே தெரியுது. அதே கோணல்."

"அப்ப பாட்டு? சாமி நம்மளை இறக்கிவிடலையா? நரி சொல்றது சரியா?"

"இருபத்தெட்டு நாள் முட்டை மேல உட்கார்ந்தேன். அப்புறம்தான் குஞ்சு வந்துச்சு. தாமதமா வந்துச்சே, இது சாமி குடுத்ததில்லன்னா சொன்னோம்? நீங்கதான் முதல்ல ஓடிப்போய் இலுப்பை மரத்தைச் சுத்தி வந்தீங்க. சாமிக்கு அவசரம்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

வண்ணமுத்து கல்லின் மேலிருந்த காலை மெல்ல எடுத்தது. எடுத்ததுதான் தாமதம், கூட்டத்தை நோக்கி ஒரே ஓட்டம்.

அங்கே நரி ஒரு குட்டி முயலின் காதைப் பல்லால் கவ்வியிருந்தது.

"கல்லு மெய்!" என்று வண்ணமுத்து கூவியது. "நான் பார்த்துட்டு வந்தேன். அதுல இருக்கிறது என் காலு." சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, எல்லோரும் பார்க்கக் காலை நீட்டிக் காட்டியது.

முயல்கள் மயங்கி விழப் பார்த்தன. நரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. காதை விட்டுவிட்டு, "கேட்டீங்களா! மயிலே சொல்லிடுச்சு. இனி நான் சாப்பிடலாம்" என்றது.

"ஒரு நிமிஷம் பங்காளி" என்றது வண்ணமுத்து.

"யாரு, நானா?"

"நீயேதான். ஓணானும் நானும் ஒரு வீடுன்னா, இன்னும் நாலு கல்லைப் புரட்டினா நீயும் அந்த வீடுதான். பெரியப்பா காலைலதான் தவறியிருக்காரு. தீட்டு வீட்டுல பதினாறு நாளைக்குக் கவுச்சி கூடாதே?"

"நான்தான் சாமியே இல்லன்னுட்டேனே."

"தீட்டைக் கேட்கிறது சாமி இல்ல. சொந்தக்காரங்க."

நரி திரும்பிப் பார்த்தது. நாற்பது ஓணான்களும் கண்ணைக் கொட்டாமல் அதையே பார்த்தன. சாமிக்குப் பயப்படாத நரி, சொந்தக்காரர் வாய்க்குப் பயந்துவிட்டது.

"கல்லு பொய்!" என்று அலறியது.

"பொய்னா சாமி உண்டு, காப்பும் உண்டு" என்றது முள்ளன். "கிழங்கு வேணுமா?"

"கல்லு மெய்! சத்தியமா மெய்!" என்று முயல்கள் துள்ளின. கரட்டாண்டிக்கோ, இத்தனை பங்காளிகளுக்குப் பொங்கலைப் பங்கு வைத்தால் தன் பங்கில் ஒரு பருக்கைகூடத் தேறாது என்று அப்போதுதான் உறைத்தது. "அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்" என்று முனகியது.

வண்ணமுத்து மட்டும் மாற்றிப் பேசவில்லை. தீட்டு தனக்கும்தான், நாளைக்குச் சாமி முன்னால் ஆட முடியாது என்று அதற்குத் தெரியும். ஆனாலும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை.

கரட்டாண்டி மெல்லப் பக்கத்தில் வந்தது. "பங்காளி, பெரியப்பா பேரன் பேத்திக்கெல்லாம் பேரன் எடுத்தவரு. கல்யாணச் சாவு. ஆட்டம் பாட்டத்தோடதான் தூக்கணும். மரங்கொத்தி மேளத்துக்கு வந்தாச்சு. ஆடத்தான் ஆளில்ல."

வண்ணமுத்து தலையை நிமிர்த்தியது. பங்காளி வீட்டுச் சாவில் பங்காளி ஆட எந்தத் தீட்டும் தடுக்காது!

மரங்கொத்தி தட்டத் தட்ட வண்ணமுத்து தோகையை விரித்தது. முன்னால் அது ஆட, நடுவில் ஓணான் கிழவர் பாடையில் போக, பின்னால் முயல்களும் முள்ளனும், வேறு வழியில்லாமல் நரியும் ஆடிக்கொண்டு போயின. ஊர்வலம் போகும் பாதை இலுப்பை மரத்தடிக்கு எதிரில்தான். அங்கே வந்ததும் வண்ணமுத்து பாட்டை எடுத்தது. மலைச்சாமி மயிலை இறக்கி வைத்தார் என்ற வரி வந்தபோது, "மெதுவா, மெதுவா" என்று சேர்த்துக்கொண்டு, கூடவே ஓணானையும் முயலையும் நரியையும் வரிசையாகப் பாடியது. ஆட ஆட இறகுகள் உதிர்ந்து ஓணான் கிழவரின் மேல் போர்வையாக விழுந்தன. காலை மறைக்க ஒரு புல்கூட இல்லாத வெட்டவெளி அது. வண்ணமுத்துவுக்கு அது நினைவிலேயே இல்லை.

ஒன்று மெய்யா பொய்யா என்று பார்க்காமல், மெய்யானால் தனக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்று மட்டும் கணக்குப் பார்க்கிறவன் கல்லையும் பார்ப்பதில்லை, சாமியையும் பார்ப்பதில்லை.