தவசிமுத்துவின் தீ நோட்டு

பங்குனியில் மலை எரிந்துவிட்டது. சுனையைச் சுற்றி நின்ற சோலையில் பாதி போயிற்று. மீதியும் போனால் சுனை வற்றும். மடத்துக்கும் தண்ணீர் இல்லை, கீழே ஊருக்கும் இல்லை.

தவசிமுத்து குருவின் முன் வந்து நின்றார். முப்பது வருஷம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, மடத்துக்குச் சீடராக வந்தவர். குரு உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். தவசிமுத்துவின் புருவம் கருகியிருந்தது. கையில் ஒரு நோட்டு.

“இந்த வருஷம் பன்னிரண்டு தீ, தாயே. பதினொண்ணை அணைச்சுட்டேன்.”

“நோட்டுல என்ன இருக்கு?”

“தேதி, இடம், காரணம், அணைத்தவர் பெயர். முதல் தீ, பீடி. ரெண்டாவது, தேன் எடுக்க வந்தவன் பந்தம். மூணாவது, இடி...”

“அணைத்தவர் பெயர்?”

“பதினொண்ணுலயும் என் பேருதான்.” கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். கொஞ்சம்தான்.

“பன்னிரண்டாவது?”

“பத்து நிமிஷம் பிந்திட்டேன். எங்கே தப்பு பண்ணினேன்னு கேட்கத்தான் வந்தேன்.”

குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். “பிந்தாம இருந்தா?”

“சோலை தப்பிச்சிருக்கும்.”

“பதிமூணாவது வந்திருக்குமே, அண்ணாச்சி.”

அவருக்குச் சுருக்கென்றது. வேலை தெரிந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? நோட்டை இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் அடைமழை விட்ட காலையில் குரு அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போனார். எரிந்த இடம் தெரியவே இல்லை. எண்ணெய் எடுக்கிற சுக்குநாறிப் புல் இடுப்பளவு, பச்சைப்பசேலென்று நின்றது. குரு தீப்பெட்டியை நீட்டினார்.

“கொளுத்துங்க.”

“மலையையா?”

“காது கேட்குதுல்ல?”

ஆறு குச்சி உரசினார். ஆறும் ஈரப் புல்லில் சீறி அவிந்தன.

குரு தீப்பெட்டியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

தை பிறந்தது. மறுபடியும் அதே சரிவு, அதே தீப்பெட்டி. புல் இப்போது நெஞ்சுக்கு வந்திருந்தது, வைக்கோலாகக் காய்ந்து.

“கொளுத்துங்க.”

வாங்கினார். திறக்கவில்லை.

“என்ன, குச்சி மாறிப்போச்சா?”

“அதே குச்சிதான்.”

“அப்புறம் என்ன பயம்?”

அவர் புல்லைப் பார்த்தார். எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. “இது எப்போலேருந்து இவ்வளவு வளருது?”

“உங்க நோட்டுல பாருங்க.”

நோட்டில் அது இல்லை. ஆனால் அவருக்குத் தெரியும். மடத்துக்கு வந்த புதிதில், அதுவரை சரிவில் மேய்ந்துவந்த ஊர்க்காரி பூலம்மாளின் மாடுகள் பாதையெல்லாம் சாணி போடுகின்றன என்று சரிவுக்கு முள்வேலி போட்டவர் அவர்தான். கம்பை ஓங்கி அவளை விரட்டியவரும் அவர்தான். மூன்று வருஷம் ஆயிற்று.

அன்றைக்கே வேலியைப் பிரித்தார். கீழே போய்ப் பூலம்மாளின் தொழுவத்தில் நின்றார்.

“அடேயப்பா, பயர் சாரு! வண்டி இல்லாம வந்திருக்காக. இங்க ஒண்ணும் எரியலையே?”

“மாட்டை மேல ஓட்டணும்மா.”

“சாணி போடுமே.”

“போடட்டும்.”

“இனிமே அந்தக் காஞ்ச சனியனை எந்த மாடு தின்னும்? முதல்ல அறுக்கணும். அடியில இளசு இருந்தாத்தான் வாய் வைக்கும். அரிவாள் பிடிப்பீகளா, இல்லை குழாய் மட்டுந்தானா?”

பிடித்தார். உள்ளங்கை கொப்பளித்தது. எங்கே அறுப்பது, எங்கே விடுவது என்று பூலம்மாள் கையைக் காட்டினாள், இவர் குனிந்தார். அவர்கள் அறுத்த இடத்தில் நாற்பது மாடுகள் மேய்ந்தன, மிதித்தன. சோலையைச் சுற்றிச் சரிவு மொட்டையானது.

பங்குனியில் ஒரு மத்தியானம் புகை எழுந்தது. தவசிமுத்து பச்சைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாய் அகலம் கருகி, வெறுந்தரையைத் தொட்டு, தீ தானாகவே அவிந்திருந்தது. பக்கத்தில் பாதி பீடி.

சோலை அப்படியே நின்றது.

மடத்துக்கு வந்து நோட்டைத் திறந்தார். தேதி எழுதினார். இடம் எழுதினார். காரணம், பீடி. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“தாயே, அணைத்தவர் பெயர்னு என்ன எழுத? நான் போறப்போ அங்கே யாருமே இல்லை.”

குரு முறத்திலிருந்து தலை தூக்கவில்லை.

“பூலம்மாள்.”