வடகம் தப்பிய காலை

அரிசி ஆலை முதலாளி வெள்ளைத்துரை டிரைவர் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார். "காருக்கு முன்சக்கர பிரேக் பெரிசாப் போடணும். வீட்டுலயே, காசு கரையாமப் போடணும். முடிச்சாத்தான் உன் மக காதுகுத்துக்கு லீவு."

மாடக்கண்ணு காயலான் கடையில் பெரிய பிரேக் டிஸ்க்காகத் தேடிப் பிடித்து மாட்டினான்.

"பழைய இரும்புல பிரேக் பிடிக்காதுடா. லீவு கிடையாது," என்றார் முதலாளி, ஓட்டியே பார்க்காமல்.

"நாளைக்கு நீங்களே ஓட்டிப் பாருங்கய்யா."

மறுநாள் ஊரைச் சுற்றி வந்தவர், "நிக்கவே மாட்டேங்குது!" என்று தெருவில் நின்ற ஆலையாட்களிடம் கத்திக்கொண்டே வீட்டு வாசலுக்குள் வேகமாகத் திரும்பினார். அங்கே வெயிலில் விரித்த வேட்டி நிறைய வடகம். பக்கத்தில் கரண்டியோடு அவர் மனைவி. முதலாளி பிரேக்கை மிதிக்க, வடகத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது கார் கிறீச்சென்று நின்றது.

காலையில் வடகம் காயப்போட அவர் மனைவிக்கு அந்த இடத்தைக் காட்டியிருந்த மாடக்கண்ணு ஜன்னலில் குனிந்தான்.

"பிடிக்காத பிரேக்கை எதுக்குய்யா அம்புட்டு நம்பி மிதிச்சீங்க?"