ராணி செய்த கண்ணாடி ஆறு

முன்னொரு காலத்திலே, மழைகூட வழி விசாரித்துக்கொண்டுதான் வரும் என்று சொல்லும்படியான ஒரு வறண்ட நாடு இருந்தது. அங்கே கோட்டை கல், தெரு கல், பூங்காவில் நிற்கும் மரம்கூடக் கல்லில் செதுக்கியது. அந்த நாட்டை ஆண்டவன் மகுடசேனன். ஏழு மலைக்கு அப்பால் இருந்த நெடுநீர் நாட்டிலிருந்து மருதவல்லி என்பவளைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தான்.

மகுடசேனன் நல்லவன். ராணிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் மருதவல்லிக்கு எந்நேரமும் ஆற்று நினைப்புதான். காலையில் கண் விழித்ததும் ஈர மணல் வாசனையைத் தேடுவாள். சாப்பிட உட்கார்ந்தால், தங்கை குமுதினி தண்ணீருக்கடியில் வந்து காலைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வரும். சோறு இறங்காது.

ஒருநாள் மாடத்தில் நின்று, “அந்த ஆறு இங்கேயே, என் கண் முன்னாலேயே இருந்துவிட்டால் போதும்!” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அதைக் கேட்டுவிட்டான் பளிங்கன் என்ற மாயாவி. ஊர் ஊராகப் போய் அழகான இடங்களைக் கண்ணாடிக்குள் அடைத்துச் சேர்ப்பதே அவன் வேலை. சபைக்கு வந்து மூன்று முறை கை தட்டினான். ராணியின் மண்டபத்தில் யானை நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி எழுந்தது. உள்ளே நெடுநீராறு! அதே வளைவு, அதே நீர்மருத மரங்கள், அதே வெள்ளை மணல்.

இரண்டு நாள் ராணி தொட்டியை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள், மணல் மேல் எள்ளளவு ஏதோ அசைவதைக் கண்டாள். உற்றுப் பார்த்தாள். குமுதினி! இரண்டு கையையும் ஆட்டி எதையோ கத்துகிறாள். சத்தம் வெளியே வரவில்லை. தொட்டியில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

ராணி அலறினாள். மகுடசேனன் உருவிய வாளோடு ஓடி வந்தான்.

“உடைத்துப் பார்” என்று சிரித்தான் பளிங்கன். “தண்ணீர் கொட்டும், அதோடு கரையில் இருக்கும் ஊரும் கொட்டும்.”

“ஐயா, நான் ஏக்கத்தில் சொன்ன வார்த்தை அது. திருப்பி அனுப்பிவிடுங்கள்” என்று கெஞ்சினாள் மருதவல்லி.

“நீ கேட்டாய், நான் கொடுத்தேன். சரி, ஒரு பந்தயம். வேறு தொட்டியில் உன் கையால் ஓர் ஆறு செய்.” அவன் மாயத் தொட்டியிலிருந்து ஒரு கெண்டை மீனை வெளியே எடுத்து, பேச்சும் கொடுத்து, கிண்ணத்தில் விட்டான். “‘இது என் ஆறு’ என்று சொல்லி இந்தக் கெண்டை அதில் குதித்தால் என் மந்திரம் முறியும். மூன்று முறை செய்து பார்க்கலாம். அதற்குள் தண்ணீர் வற்றாமல் இருந்தால்!”

முதல் தொட்டியில் ராணி பவளம் பரப்பினாள், முத்து தூவினாள், நடுவில் பொன்னால் ஒரு குட்டிக் கோட்டை வைத்தாள். பார்த்தவர் எல்லாம் வாய் பிளந்தார்கள். கெண்டை எட்டிப் பார்த்தது.

“அழகுதான் ராணியம்மா. ஆனால் இது என் ஆறு இல்லை.”

மாயத் தொட்டியில் தண்ணீர் பாதியாகிவிட்டது.

இரண்டாவது தொட்டிக்கு, மாய ஆற்றை மேலிருந்து பார்த்துப் பார்த்து அளவெடுத்தாள். கல்லுக்குக் கல், செடிக்குச் செடி. இடப்பக்கம் எத்தனையோ வலப்பக்கமும் அத்தனை என்று வரிசையாக நட்டாள். கெண்டை எட்டிப் பார்த்தது.

“இதுவும் அழகுதான் ராணியம்மா. ஆனால் இது என் ஆறு இல்லை.”

இப்போது மீதி இருந்தது உள்ளங்கை ஆழத் தண்ணீர். குமுதினி கையாட்டுவதையும் நிறுத்திவிட்டாள். குந்தி உட்கார்ந்திருந்தாள்.

மருதவல்லி அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ‘நான் என்றைக்கு ஆற்றை மேலிருந்து பார்த்தேன்? கழுத்தளவு தண்ணீரில் நின்றல்லவா பார்த்தேன்!’

மூன்றாவது தொட்டிக்கு மணலைப் பின்பக்கம் மேடாக, முன்பக்கம் சரிவாகக் கொட்டினாள். பெரிய கல் ஒன்றை நடுவில் வைக்காமல் ஓர் ஓரமாக, வெள்ளத்துக்குத் தோள் கொடுப்பதுபோல் சாய்த்தாள். அதன் பின்னால் சின்னது, அதற்கும் பின்னால் இன்னும் சின்னது. பார்வைக்குக் கரை தூரமாகப் போய்விட்டது! முறுக்கிய வேர் ஒன்றைக் குறுக்கே சாய்த்து, அதில் பாசியைக் கட்டினாள். அவ்வளவுதான். மறுபாதியில் வெறும் மணலும் தண்ணீரும்.

“இதுதானா?” என்று கேலி செய்தான் பளிங்கன்.

கெண்டை வெகுநேரம் பார்த்தது. “ராணியம்மா, அந்தப் பக்கம் சும்மா கிடக்கிறதே, ஏன்?”

“அங்கேதான் நானும் என் தங்கையும் குதிப்போம்” என்றாள் மருதவல்லி. “அந்த இடத்தில் எதைக் கொண்டு வைப்பேன்?”

கெண்டையின் செதில்கள் சிலிர்த்தன. “இது என் ஆறு!” என்று ஒரே தாவலில் அந்த வெற்றிடத்தில் குதித்தது.

பட்டென்று மாயத் தொட்டி ஆவியாய் மறைந்தது. ஏழு மலைக்கு அப்பால் நெடுநீராறு தன் படுகையில் புரண்டு ஓடியது. பளிங்கன் அடைத்து வைத்திருந்த அருவிகளும் குளங்களும் தத்தம் ஊருக்குத் திரும்பின. வெறுங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே அவன் நாட்டை விட்டுப் போனான்.

ஆனால் ஊரோடு போகாமல் ஒருத்தி மட்டும் மண்டபத்தில் சொட்டச் சொட்ட நின்றாள். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு குமுதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தாள்.

“அக்கா, பெரிய கல்லு இந்தப் பக்கமா இருந்துச்சு? அந்தப் பக்கம்ல!”

“போடி, இங்கதான் இருந்துச்சு.”

“இல்லவே இல்ல!”

மகுடசேனன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விடியட்டும், தேரைப் பூட்டுங்கள், நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றான். போனார்கள், பார்த்தார்கள், மழைக்காலம் முழுக்க அங்கேயே இருந்தார்கள். யார் சொன்னது சரி என்று கேட்காதீர்கள். அக்காளும் தங்கையும் அந்தக் கல்லில் ஏறிக் குதித்த குதியில் அதைக் கேட்கவே எல்லாரும் மறந்துவிட்டார்கள்.