குடோன் கதவும் இரண்டு ரூட்டரும்

உலக்கையூரில் மூளை இல்லாதவர் என்று யாருமே கிடையாது. இருக்கிற மூளையைச் சேதாரமில்லாமல் அப்படியே வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களில் முதல் இரண்டு பேர் ஓர் அப்பளக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஊருக்குள் ஆபீஸைப் பார்த்துக்கொண்டவர் பூலுடையார். எட்டு மைல் தள்ளி குடோனைப் பார்த்துக்கொண்டவர் வெள்ளத்துரை.

முதலாளியம்மா சொர்ணவடிவுக்கு அன்று மகள் கல்யாணம். அப்பளக் கம்பெனி வீட்டு விருந்தில் அப்பளம் எப்படி என்று பார்க்கவே சம்பந்தி வீட்டில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பன்னிரண்டரைப் பந்தியில் அப்பளம் விழாவிட்டால் அந்த அம்மாள் வெளியே தலைகாட்ட முடியாது.

காலையிலேயே இருவரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு ரூட்டர் பெட்டியைக் கொடுத்தார். "போன்ல ஆர்டர் சொல்லி நீங்க என் மானத்த வாங்கினது போதும். இனிமே ஆர்டர் கம்ப்யூட்டர் வழியாத்தான் போகணும். வந்த அடுத்த நொடி குடோன் கதவத் திறக்கணும். அதுக்கு முன்னால திறந்தா ரெண்டு பேருக்கும் வேல கிடையாது." சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்.

ரூட்டர் விற்ற ரூபன் மதுரையிலிருந்து இருவரையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்துக்கொண்டான். பொறுமைசாலி. அதாவது காலை எட்டு மணி நிலவரப்படி.

"ரெண்டு பெட்டிக்கும் ஒரே ஐபி முகவரி இருக்கக் கூடாது சார். மூணாவது எண்ண மட்டும் மாத்துங்க. ஒருத்தர் 1, இன்னொருத்தர் 2. அப்புறம் ஒருத்தர் முகவரிய இன்னொருத்தர் பெட்டியில சேர்த்தா முடிஞ்சது."

"அண்ணாச்சி, நீங்க மூத்தவங்க. ஒண்ணு உங்களுக்குத்தான்" என்றார் வெள்ளத்துரை.

"சும்மா இரும்வே. சரக்கு இருக்கது உம்ம பக்கம். நீரே ஒண்ண வச்சுக்கிடும்."

இருவரும் 2 என்று போட்டார்கள்.

"சார், ரெண்டும் 2!" என்று ரூபன் கத்தினான். பெரியவர் பேச்சைத் தட்டிவிட்டோமே என்று வெள்ளத்துரை 1 போட்டார். தம்பி மனசு நோகுமே என்று பூலுடையாரும் 1 போட்டார். "யாராவது ஒருத்தர் 3 போடுங்க சார்" என்றதும், விட்டுக்கொடுப்பதில் ஒருவருக்கொருவர் சளைக்காமல் இருவருமே 3 போட்டார்கள். பதினோரு மணிக்கு 47 வரை வந்திருந்தார்கள்.

ரூபனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ரெண்டு பெட்டியையும் ஒரே மேசைக்குக் கொண்டு வாங்க. கம்ப்யூட்டரும் வேணும். நான் சொல்லச் சொல்லப் போட்டு, ஓடுதான்னு பாத்துட்டு, அப்புறம் அவங்கவங்க இடத்துல மாட்டுங்க."

யார் யாரிடம் போவது என்பதிலும் மரியாதை குறுக்கிட்டதால் நாலாவது மைல் டீக்கடையில் சந்திப்பது என்று முடிவானது. வெள்ளத்துரை லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டர், ரூட்டர், கூடவே குடோன் கதவு.

"கதவு எதுக்குவே?"

"ஆர்டர் வந்த அடுத்த நொடி திறக்கணும்லா அண்ணாச்சி? ஆர்டர் இங்க வருது. கதவு நாலு மைலுக்கு அங்கிட்டு நின்னா எப்படித் திறக்க?"

பூலுடையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பூட்டத் தொட்டீரா?"

"சேச்சே! நிலையோட பேர்த்துட்டேன். பூட்டு பூட்டினபடிதான் இருக்கு."

இதற்கிடையில் மண்டபத்து வேன் டிரைவர் தேவசகாயம் அப்பளம் ஏற்றக் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தார். கதவு இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஓட்டை. உலக்கையூர்க்காரர்களை அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் எதையும் யோசிக்காமல், இருந்த அப்பளக் கட்டு அத்தனையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டீக்கடையில் வேலை மும்முரமாக நடந்தது. பன்னிரண்டு நாற்பதுக்கு இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. பூலுடையார் மேசையின் இந்தப் பக்கமிருந்து ஆர்டரை அனுப்ப, ஒரு முழ ஒயரைத் தாண்டி அந்தப் பக்கம் வெள்ளத்துரைக்கு அது வந்து சேர்ந்தது. அடுத்த நொடி வெள்ளத்துரை நடுரோட்டுக்கு ஓடினார். டீ மாஸ்டர் நிலையைப் பிடித்துக்கொள்ள, பூட்டைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே போய், ரோட்டின் மறுபக்கம் வெளியே வந்தார். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது.

அப்போதே பூலுடையாரின் போன் மணியடித்தது. முதலாளியம்மா.

"அப்பளம் பிரமாதம்! சம்பந்தியே மூணு தடவ கேட்டு வாங்கிட்டாரு. என் மானத்தக் காப்பாத்திட்டீங்கப்பா!" அழுதேவிட்டார்.

இருவருக்கும் நம்ப முடியவில்லை. கதவைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஓர் அப்பளம்கூட மிச்சமில்லை. வெள்ளத்துரை ஒயரை எடுத்து மோந்து பார்த்தார். லேசாக உளுந்து வாசம் அடிப்பதாகச் சொன்னார்.

பூலுடையார் உடனே மதுரைக்குப் போன் போட்டார்.

"தம்பி, நல்லா இருப்பீரு! திறந்த அடுத்த நொடி சரக்கு பூராவும் மண்டபத்துக்குப் போயிட்டு. ஒண்ணுகூட உடையல. சாயங்காலம் மாப்பிள்ள வீட்டுக்குச் சீர் பீரோ அனுப்பணும். கொஞ்சம் அகலமான ஒயரா ஒண்ணு கொடுத்துவிடுங்க."

வெள்ளத்துரை பதறிப்போய் போனைப் பிடுங்கினார்.

"சார், கட்டிலும் இருக்கு! மொதல்ல தலமாட்டுப் பக்கத்த விடணுமா, கால்மாட்டுப் பக்கத்த விடணுமா?"